லண்டன்காரனுக்குப் போட்ட டயர்

பழைய பைக் வைத்திருப்பவர்கள் கூடுகிற இடத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டயர் ஒரிஜினலா?" கேட்கிறவர் முகத்தில் ஒரு பெருமை வேறு. எனக்கு உடனே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒரிஜினல் டயர் ஓடாத வண்டியில்தான் சார் இருக்கும், ஓடுகிற வண்டியில் தேய்ந்த டயர்தான் இருக்கும் என்று ஒரு பெரிய மனிதருக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் போகட்டும். டயர் விஷயத்தில் யாருக்கும் பணிந்துபோகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்தப் பழக்கத்தைக் கெடுத்தவள் என் அத்தை, அப்பாவுக்கு ஒரே தங்கை.

எங்கள் வீடு ராயபுரத்தில், ஒரு மீன்பாடி வண்டி நுழைந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் இருந்தது. கீழே நாங்கள். மாடியில் பெரியப்பா குடும்பம். மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்தி நின்றது லண்டன்காரன். அது தாத்தாவின் பைக். துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது, கை மாறிக் கை மாறித் தாத்தாவிடம் வந்து சேர்ந்ததாம். டேங்கில் இருந்த பெயர் உரிந்து போயிருந்தது. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டதும் இல்லை.

அந்த வண்டியில் எல்லாமே தலைகீழ். நம் வண்டிகளில் பிரேக் இருக்கும் வலது காலில் அதற்கு கியர் இருக்கும், கியர் இருக்கும் இடது காலில் பிரேக் இருக்கும். பெரியப்பா வாலிபத்தில் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு காசிமேடு வரை வீரமாகப் போயிருக்கிறார். குறுக்கே ஒரு மீன் கூடை வந்ததும் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்திருக்கிறார். வண்டி நிற்கவில்லை. கூடை, கூடைக்குச் சொந்தக்காரி, அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள், எல்லாம் சேர்ந்து பெரியப்பா மேல் விழுந்தன. அன்றிலிருந்து அது ராசியில்லாத வண்டி என்பது அவருடைய தீர்ப்பு. அப்பா அதன் பக்கமே போகவில்லை. அத்தைக்கு மட்டும் அது வசப்பட்டது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாத்தாவுக்கு மத்தியானச் சோற்றைத் துறைமுக வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாளாம். தெரு வேடிக்கை பார்க்கும். தாத்தா கண்டுகொள்ளவே மாட்டாராம்.

பிறகு தாத்தா போய்ச் சேர்ந்தார். அத்தைக்குக் கல்யாணம் ஆகி எண்ணூர்ப் பக்கம் போனாள். லண்டன்காரன் தார்ப்பாய்க்குள் போனான்.

அத்தை வீட்டுக்கு நான் லீவில் போயிருக்கிறேன். அவள் அங்கே ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் நம்பரைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை பார்த்தாள். மாமாவுக்கு எந்த வேலையும் இரண்டு மாதத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. ஆனால் எனக்கு மாமாவைப் பிடிக்கும். சேவுப் பொட்டலம் வாங்கித் தருவார். அந்த வீட்டில் நீல நிறத்தில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. அத்தை தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. அது எப்போதும் மாமாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். ஏன் இந்தப் பக்கம் திரும்பவில்லை என்று கேட்டேன். "அதுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு" என்று சொல்லி மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தை சிரிக்காமல் ஒரு பேப்பரை மடித்து எனக்கு விசிறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அத்தை ஒரே ஒரு பையுடன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்று எனக்குச் சொன்னார்கள். பல்வலிக்கு டாக்டரிடம் போகாமல் எதற்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள், அதுவும் பை எடுத்துக்கொண்டு வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் அம்மா கண்ணை உருட்டினாள்.

வீக்கம் வடிந்த பிறகும் அத்தை திரும்பிப் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்தே யார்டுக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். பெரியப்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்கிறார்களாம். அவர் ஊருக்கெல்லாம் பஞ்சாயத்து பேசுகிறவர். வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்திருப்பது அவர் வாயை அடைத்துவிட்டது. மாமாவிடம் தூது போனார். மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். புது பைக் வாங்கிக் கொடுத்தால் அதிலேயே வந்து பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவாராம்.

புது பைக்குக்கு எங்கே போவது? பழைய பைக்தான் இருக்கிறதே! பீச் பக்கம் பெரிதாக ஓட்டல் கட்டியிருந்த ஒருவரைப் பெரியப்பா பிடித்தார். அவர் வந்து தார்ப்பாயை விலக்கிப் பார்த்து, ஓட்டலில் நுழைந்ததும் தெரிகிற மாதிரி மேடை போட்டு, சுற்றிக் கயிறு கட்டி, விளக்குப் போட்டு இதை நிறுத்துவேன் என்றார். இன்ஜின் ஓட வேண்டாம், டயர் மட்டும் அந்தக் காலத்து டயர் மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும் என்றார். அப்போதிருந்த டயர்கள் காற்று இறங்கி, வற்றிய குளத்து மண் மாதிரி வெடித்துக் கிடந்தன.

ஆக விஷயம் இதுதான். லண்டன்காரனுக்கு நல்ல டயர் போட்டால் அவன் ஓட்டலுக்குப் போவான். அவன் போனால் மாமாவுக்குப் புது பைக் வரும். அது வந்தால் அத்தை அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், நான்தான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேனே. எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவின் சேவுப் பொட்டலம் ஒரு பக்கம். ஓட்டலுக்குப் போய் விளக்கடியில் நிற்கிற எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டே ஐஸ்க்ரீம் சாப்பிடலாம் என்று பெரியப்பா சொன்னது இன்னொரு பக்கம்.

"டயரு நானே வாங்கியாரேன்" என்றாள் அத்தை. "திருவொத்தியூர் ரோட்டுல தெனம் போயிகினு வந்துகினுதான கீறேன்."

பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். தங்கைக்குப் புத்தி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். புறப்படும் முன்பு படிக்குக் கீழே குனிந்து, பின் மட்கார்டின் உள் அகலத்தைப் பூக்கட்டுகிற நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள். ஓட்டலில் நிற்கப்போகிற வண்டிக்கு எதற்கு அளவு என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியப்பாவுக்கும் தோன்றவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்தக் கடையின் முதலாளி தெற்கத்திக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கடைக்குள் தரையிலிருந்து கூரை வரை டயர். ரப்பர் வாசனையில் எனக்குப் பசி எடுத்தது, ஏனென்று கேட்காதீர்கள்.

"வாங்கம்மா. ஒங்க அண்ணன் போன்ல சொன்னாவ. அந்த இங்கிலீசு வண்டிக்குத்தான? அது இன்னும் உசுரோடயா இருக்கு!" என்று சொல்லிவிட்டு, பரண்மேல் ஏறி, பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு டயரை இறக்கினார். தாளைப் பிரித்ததும் நான் வாயைப் பிளந்தேன். அத்தனை அழகு. கன்னங்கரேலென்று மின்னியது. ஓரத்தில் வளையல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, அதற்குமேல் வெளிநாட்டு எழுத்து.

"கப்பல்ல வந்த சரக்கு. ரோட்டையே பாக்காத டயரு. இப்பம் தேடுனாலும் கெடைக்காது."

அத்தை அதைத் தரையில் வைத்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் அழுத்தி வளைத்தாள். மினுமினுப்புக்கு அடியில் மெல்லிய வெடிப்புகள் வாயைத் திறந்தன. பாலிஷ் போட்டு மறைத்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்தினாள். நகம்தான் வளைந்தது.

"அண்ணாச்சி, இத்த மாட்டிகினு எண்ணூர் வரைக்கும் போலாமா?"

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போகவா? ஓட்டல்ல நிறுத்தன்னுல்லா ஒங்க அண்ணன் சொன்னாவ?"

"நான் கேக்கறதுக்குச் சொல்லுங்க. போலாமா, கூடாதா?"

"கூடாதும்மா. ஏவாரத்துக்காகப் பொய் சொல்லக் கூடாது பாருங்க. இது நிப்பாட்டி வச்சுப் பாக்கதுக்கு உள்ள டயரு. வயசாயிட்டு. ஓடிச் சூடேறுனா பக்கவாட்டுல பொளந்துரும்."

"அப்ப ஓட்ற டயர காட்டுங்க."

எனக்கு அழுகை வந்தது. வெள்ளைக் கோடு போட்ட டயர்தான் வேண்டும் என்று அத்தையின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அவள் காதில் வாங்கவில்லை. அண்ணாச்சி உள்ளூர் டயர்களாக இழுத்துப் போட்டார். ஒன்றுகூடப் பார்க்க லட்சணமாக இல்லை. முதலில் ஒரு தடியனைக் காட்டினார். அத்தை நூலை எடுத்து அகலத்தை அளந்தாள். முடிச்சைத் தாண்டிப் போயிற்று. மட்கார்டில் உரசும் என்று தள்ளிவிட்டாள். இன்னொன்று நூலுக்குப் பொருந்தியது. ஆனால் பக்கத்தில் அச்சடித்திருந்த, தயாரித்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்கிற நம்பரை, யார்டில் பெட்டி நம்பரைப் படிக்கிற மாதிரி குனிந்து படித்துப் பார்த்து, இதுவும் பழசு, வேற எடுங்க என்றாள். கடைசியில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று ஒரு ஜோடி வந்தது. முன் டயரில் என் நாலுகோடு நோட்டு மாதிரி சுற்றிலும் நேர்க்கோடுகள். பின் டயரில் கட்டம் கட்டமாக முண்டு முண்டான ரப்பர். அத்தை கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"மழையில புடிக்குமா?"

"புடிக்கும்."

"கூட்ஸ் தண்டவாளம் குறுக்க போதே, அதும்மேல ஏறுனா வழுக்காதே?"

"நேரா ஏத்துனா வழுக்காது. சாய்ச்சா எந்த டயரும் வழுக்கும்."

"ரெண்டு பேரு குந்துனா?"

"தாராளமா."

"ரெண்டு பேரும், மடியில சாமானும்?"

அண்ணாச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "எம்மா, நீங்க டயரு வாங்க வந்தீங்களா, வீடு காலி பண்ணப் போறீங்களா?"

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். பல்வலி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த இரண்டாவது ஆள் நான்தான் என்று எனக்கு உடனே நிச்சயமாகிவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டேன். மடியில் வைத்துக்கொள்ளப்போகிற சாமான் என் பள்ளிக்கூடப் பை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சக்கரங்களைக் கழற்றிக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் கொடுத்துப் புது ட்யூபும் டயரும் மாட்டினோம். பழைய டயர் கம்பியை விட்டு நெம்பும்போது முறுக்கு மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு நின்ற அத்தை, கடைக்காரரிடமா என்னிடமா என்று தெரியாமல் ஒன்று சொன்னாள். "நின்னுகினே கீற வண்டிக்குத்தான் நாலு பேரு வெல பேசுவான். ஓட்ற வண்டியப் பாத்தா வழி உட்டுட்டுப் போவான்."

அந்த நாட்களில் எங்கள் வீட்டுச் சாம்பாரில் பெட்ரோல் நாற்றம் அடித்தது. அத்தையின் டிபன் கேரியரில் மேல் தட்டில் சோறும் அடித் தட்டில் துணி சுற்றிய கார்பரேட்டரும் யார்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. அங்கே ஃபோர்க்லிஃப்ட் பார்க்கிற மெக்கானிக் கழுவி, சரிசெய்து கொடுத்தாராம். அம்மா அந்தக் கேரியரைத் தினமும் புளி போட்டுத் தேய்த்தாள். நாற்றம் போகவில்லை. எங்கிருந்து வருகிறது என்று அப்பா ஒரு நாள் கேட்டார். துறைமுகக் காற்று என்று அம்மா சாதித்துவிட்டாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், அன்றைக்கு வண்டியை எடுத்துப்போவதாக ஓட்டல்காரர் சொல்லியிருந்தார். எங்கள் சந்தில் ஆயுத பூஜைக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆன பிறகு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அதை இன்ஜின் ஓட, ஓட்டித்தான் நசுக்க வேண்டும். தள்ளிக்கொண்டு போய் நசுக்கினால் கணக்கில் சேராது. ஓட்டி நசுக்கியது யாரோ, அந்த வருஷம் முழுக்க அந்த வண்டி அவருடையது. ஆட்டோ வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கூட அன்று ஒரு நாள் முதலாளிக்குச் சாவியைக் கொடுத்துப் பழத்தை நசுக்கச் சொல்வார். எதிர்வீட்டில் இருந்தவர்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் வேனுக்கும் அன்று பழம் உண்டு.

காலையில் பெரியப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். லண்டன்காரனைச் சந்துக்குத் தள்ளி வந்து மாலை போடும்போதுதான் டயரைச் சரியாகப் பார்த்தார்.

"இன்னாது இது? டிராக்டருக்கு வாங்கியாந்தியா?"

"டயரு நல்லாத்தான் கீது" என்றாள் அத்தை.

"வெள்ளக் கோடு போட்ட டயர அண்ணாச்சி எடுத்து வச்சிருக்கேன்னாரே!"

"அது செத்த டயருண்ணா."

"ஓட்டல்ல நிக்கப் போறதுக்கு உசுரு எதுக்கு?"

அத்தை டயரில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். பெரியப்பாவுக்குத் தெரு பார்க்கிறது என்ற நினைப்பு வந்தது. முனகிக்கொண்டே இரண்டு சக்கரத்தடியிலும் பழத்தை வைத்துவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினார். ஸ்டார்ட் பண்ணுகிற எண்ணமே அவருக்கு இல்லை. மீன் கூடை ஞாபகம் வந்திருக்கலாம். முன் சக்கரம் பழத்தில் ஏறப்போய், பழம் பிதுங்கிச் சறுக்கி, உருண்டு ஓடிச் சாக்கடையில் விழுந்தது. சந்தே 'த்சொ' என்றது. அபசகுனம் என்று யாரோ சொன்னார்கள். வேன்காரர், "தள்ளிக்கினு போனா எப்டி தல? ஓட்டணும்" என்றார். பெரியப்பாவின் காது சிவந்தது.

"நவுருண்ணா" என்றாள் அத்தை.

அவர் நகரவில்லை. அத்தை வேறு ஒரு பழத்தை எடுத்து முன் சக்கரத்தடியில் வைத்தாள். சுடிதார்க் காலை இழுத்துவிட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தாள். கிக்கரை மிதித்தாள். லண்டன்காரன் இருமினான். இன்னொரு மிதி, கிக்கர் திருப்பி அவள் காலில் அடித்தது. வலித்திருக்கும், அவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அடுத்த மிதிக்கு வண்டி பிடித்துக்கொண்டது. சந்து முழுக்கப் புகை. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது, என் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"ஏய், எறங்கு! யாரக் கேட்டு ஸ்டார்ட் பண்ண?" என்று பெரியப்பா கத்தினார். அத்தை வலது காலால் கியரைப் போட்டாள். முன் பழமும் பின் பழமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சப்பென்று நசுங்கின. தெரு கை தட்டியது. எதிர்வீட்டுப் பாட்டுப் பெட்டியை யாரோ சத்தமாக வைத்தார்கள்.

நான் ஓடினேன். பின் சீட்டு என்னுடையது அல்லவா? அதில் கையை வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என்னைத் தூக்கி ஓரமாக நிறுத்தியது. அம்மா! பூஜைக்குக் கட்டிய பட்டுப்புடவை, கையெல்லாம் சந்தனம். ஆட்டோவில் ஏறினாலே கம்பியை இறுக்கிப் பிடித்துச் சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டு வருகிற அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"குந்திட்டியா அண்ணி?" என்றாள் அத்தை.

"குந்திட்டேன். நீ போ."

போயே போய்விட்டார்கள். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "இன்னாடா இது? ஒம் பொண்டாட்டி இன்னாடா பண்றா?" அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதேன். எனக்காக வாங்கிய டயரில் அம்மா ஏறிப் போனது அநியாயம் இல்லையா?

பொரியும் சுண்டலும் ஆறிப்போன நேரத்தில் பெரியப்பாவின் செல்போன் அடித்தது. நடையில் நின்று பேசினார். "சொல்லுங்க மாப்ள... பூஜ ஆச்சா... யாரு?... அங்க வந்தாளுங்களா?... இன்னாது?... எத்த?... ஃபேனா?" போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். "ஃபேன எதுக்கு மாப்ள தூக்கினு போனா?... தெருவே பாத்துச்சா... சேச்சே, அப்டிலாம் சொல்லாதீங்க. நான் இட்டுகினு வரேன், நானே வரேன்... மாப்ள? மாப்ள!"

போனைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னாவாம்?" என்றார் அப்பா.

"இனிமே அவ அந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதாம். வண்டியும் வேணாம், ஒண்ணியும் வேணாம்னு கட் பண்ணிட்டான்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நல்லதாப் போச்சு."

அண்ணனுக்கு எதிராக அப்பா பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. சின்னக் குரலில்தான் சொன்னார். ஆனால் திரும்பவும் ஒருமுறை சொன்னார்.

தூறல் விழத் தொடங்கியபோது சந்துமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். லண்டன்காரன் சேறு அப்பிக்கொண்டு வந்தான். மாலை பாதிதான் இருந்தது. பின் டயரின் கட்டங்களுக்குள் எலுமிச்சைத் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தையின் தலையெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. பின்னால் அம்மா, பட்டுப்புடவையில் சேறு தெறிக்க, மடியில் அந்த நீல நிற டேபிள் ஃபேனைக் குழந்தையை அணைத்திருக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயர் அம்மாவின் கழுத்தைச் சுற்றி மாலையாகக் கிடந்தது. வண்டி ஓடிய காற்றில் ஃபேனின் இறக்கை தானாகச் சுற்றிக்கொண்டு வந்தது. தெரு சிரித்ததா கை தட்டியதா தெரியவில்லை, இரண்டும்தான்.

"மானம் போச்சு" என்றார் பெரியப்பா. "மொத்த மானமும் போச்சு."

அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியப்பாவிடம் நேரடியாகப் பேசியது கிடையாது. தம்பி பெண்டாட்டி கணவனின் அண்ணன் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சாப்பிடச் சொல்வதைக்கூட என்னை அனுப்பித்தான் சொல்வாள். அன்று ஃபேனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் அடிச்சான்ல, அன்னிக்கே போச்சு மானம். அது அவனோட மானம். இவ இங்கதான் இருப்பா. இஷ்டம் இருக்கறவங்க உள்ள வந்து சாப்புடுங்க, சோறு ஆறிப்போவுது."

அன்று எண்ணூர் வீட்டுக்குத் தனியாகப் போயிருந்தால் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருப்பான், அம்மா கூட நின்றதால்தான் அவன் வாயோடு நிறுத்திக்கொண்டான் என்று அத்தை எனக்குச் சொன்னது வெகு காலம் கழித்து. அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மறுநாள் ஓட்டல்காரர் வந்தார். சேறும் டயரும் பார்த்து, இது என்ன வேஷம் என்று கேட்டார். பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு வேன்காரர், "பழத்த நசுக்கினது அந்தம்மா சார், அவங்களக் கேளுங்க" என்றார். அத்தையைக் கேட்டார். "ஓட்ற வண்டி சார், நிக்காது" என்றாள். அவர் போய்விட்டார். அந்த வண்டியில்தான் அத்தை பல வருஷம் யார்டுக்குப் போனாள். இப்போது அது என்னிடம் இருக்கிறது. எத்தனையோ டயர் மாற்றியாகிவிட்டது, வெள்ளைக் கோடு ஒரு தடவையும் இல்லை.

ஆனால் அந்த ஆயுத பூஜை மத்தியானம் என் கவலை வேறாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அத்தை ஃபேனைக் கூடத்து மூலையில் வைத்து, துடைத்து, ஸ்விட்சைப் போட்டாள். அதன் பின்மண்டையில் இருந்த ஒரு குமிழை விரலால் அழுத்தினாள். ஃபேன் மெல்லத் திரும்பியது. என்னைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. படியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியப்பாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதே மாதிரி திரும்பி வந்தது.

"அத்த, கழுத்து சுளுக்கு சரியாயிடுச்சா?" என்று கேட்டேன்.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். வரும் வழியில் எங்கோ நிறுத்தி ரிப்பேர் பண்ணியிருக்கிறார்கள் என்று நானாகப் புரிந்துகொண்டேன். ஆனாலும் ஒன்று மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது, நெடுநாள் யோசித்தேன். ஆயுத பூஜை அன்றைக்கு எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை ஒரு ரிப்பேர் கடைகூடத் திறந்திருக்காதே!